கட்டாயக் குறைந்தபட்சச் சிறைத் தண்டனையில் என்ன அநியாயம்?

சட்டம் குறித்த அளவுக்குக் கீழே நீதிபதி தண்டனையைக் குறைக்க முடியாது என்பதுதான் இந்த முறை. எல்லோருக்கும் ஒரே தண்டனை என்றால் அது சமநீதிதானே என்று கேட்கிறீர்கள். இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வெல்டன் ஏஞ்சலோஸ் என்ற இளைஞர் மீது, கஞ்சா விற்பனையோடு துப்பாக்கி வைத்திருந்ததாக மூன்று குற்றச்சாட்டுகள். அன்றைய சட்டப்படி முதலாவதுக்கு 5 ஆண்டு, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 25. ஆக 55 ஆண்டு! துப்பாக்கியை அவர் யாரிடமும் நீட்டவில்லை. 2004இல் நீதிபதி பால் கேசல், இது கொடூரம் என்று சொல்லிக்கொண்டேதான் தீர்ப்பளித்தார். அன்றே, மூதாட்டி ஒருவரை அடித்துக் கொன்றவருக்கு அவர் விதித்தது சுமார் 22 ஆண்டு.

அப்புறம், அதிகாரம் அரசு வழக்கறிஞரின் கைக்குப் போய்விடுகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் 15 ஆண்டு என்றார்கள். ஏஞ்சலோஸ் மறுத்ததும் குற்றச்சாட்டுகள் கூடின. 2016இல் அவர் வெளியே வந்தபோது, சின்னக் குழந்தைகளாக விட்டுப்போன பிள்ளைகள் வளர்ந்து நின்றார்கள்.