வாங்கலாமா, வேண்டாமா? இந்த வாரம்: குழந்தைச் சாப்பாடு

கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குக் கொடுக்க மலைத்தேன், கிலோ 1,100 ரூபாய் என்கிறார்கள். நல்லதா? (வாசகி, தென்காசி)

பதில்: ஒரு வயது முடியும்வரை மலைத்தேனும் வேண்டாம், கடைத்தேனும் வேண்டாம்.

கேள்வி: நாலரை வயது மகன் வகுப்பிலேயே குள்ளம். உயரத்துக்கென்று ஒரு சத்து பானம் வாங்குகிறோம். 400 கிராம் டப்பா 260 ரூபாய். 100 கிராமில் புரதம் 7 கிராம், சர்க்கரை 32 கிராம் என்று போட்டிருக்கிறது. தொடரலாமா? (வாசகர், ஆரணி)

பதில்: டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து எழுதிய முதல் வாசகர் நீங்கள்தான். அதற்காகவே கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

உங்கள் கணக்குப்படி டப்பா முழுவதையும் வழித்துத் தின்றாலும் புரதம் 28 கிராம்தான். ஐந்து முட்டையில் 30 கிராம் இருக்கிறது. ஐந்து முட்டை என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். முட்டை ஆகாத வீடென்றால் நூறு கிராம் வேர்க்கடலையில் 25 கிராம். அதே டப்பாவில் சர்க்கரை மட்டும் 128 கிராம். அப்புறம், பின்பக்கத்தில் 'பாலில் கலந்தபின்' என்று இன்னொரு வரிசை இருக்கும், பாருங்கள். அதில் எண்களெல்லாம் திடீரென்று குண்டாகிவிடும். குண்டாக்கியது பால். பெயர் வாங்கிக்கொள்வது மாவு.

உயரம் என்கிறீர்கள். இந்த வயதில் சாதாரணமாகச் சாப்பிடும் பிள்ளை வருடத்துக்கு ஆறு செ.மீ. போல வளரும். விளம்பரத்துப் பையனும் அப்படித்தான் வளர்ந்தான். ஒரு வருடம் சும்மா இருந்தாலும் சட்டை சின்னதாகத்தான் போகும். 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணையக் கடைகளிடம், இந்த வகைப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னது. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. நாம்தான் இத்தனை வருடம் மளிகைச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். நானும் மூன்று வருடம் எழுதினேன். மகன் இன்று சரியாக என் உயரம்: ஐந்தடி நாலங்குலம்.

சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். வருடத்தில் ஐந்து செ.மீ.கூட ஏறவில்லையென்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். டப்பாவை மாற்றிப் பார்க்காதீர்கள்.

கேள்வி: ஆஃபரில் ஆறு டப்பா குழந்தை உணவு வாங்கினேன். இரண்டு மாதத்தில் தேதி முடிகிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். புகார் கொடுக்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: எதைப் பற்றி? தேதி முடிந்த சரக்கை விற்றிருந்தால் நானே புகார் எழுதிக் கொடுப்பேன். தேதியை அச்சடித்துத்தான் விற்றிருக்கிறார். நீங்கள் ஆஃபரை மட்டும் படித்தீர்கள்.

கேள்வி: பிரசவமான இரண்டாம் நாளே பால் போதாது என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் ஒரு பால் மாவு டப்பா இலவசமாகக் கொடுத்தார்கள். குழந்தைக்கு இப்போது இரண்டு மாதம். மாவுக்கே மாதம் நாலாயிரம் ஆகிறது. தண்ணீரைக் கூட்டிக் கரைத்துச் சமாளிக்கிறேன். (வாசகி, திண்டுக்கல்)

பதில்: அம்மா, முதலில் தண்ணீர் கூட்டுவதை இன்றே நிறுத்துங்கள். டப்பாவில் போட்ட அளவுதான். குறைந்தால் குழந்தையின் எடை ஏறாது.

தப்பு உங்களுடையது அல்ல. இரண்டாம் நாள் யாருக்கும் பால் குடம் குடமாக வராது. சீம்பால் கொஞ்சம்தான் சுரக்கும், அந்தப் பிஞ்சு வயிற்றுக்கு அது போதும். மூன்று நான்கு நாளில்தான் பால் கட்டும். அந்த நேரம் பார்த்துக் கையில் டப்பாவைக் கொடுத்திருக்கிறார்கள். இப்படி இலவச மாதிரி கொடுப்பதை 1992ஆம் வருடச் சட்டமே தடுக்கிறது. 2003 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வயது வரையுள்ள குழந்தை உணவுக்கு விளம்பரமே செய்யக்கூடாது. டப்பாவில் குழந்தைப் படம்கூடப் போடக்கூடாது. புகாரை மாவட்டச் சுகாதார அலுவலருக்கு எழுதுங்கள். டப்பாவைத் தூக்கிப்போடாதீர்கள், அதுதான் சாட்சி.

இரண்டு மாதத்தில் எதுவும் கெட்டுவிடவில்லை. அடிக்கடி மார்பில் போட்டால் பால் திரும்பக் கூடும். பக்கத்து அரசு மருத்துவமனையில் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி மாவைப் படிப்படியாகக் குறையுங்கள்.

கேள்வி: வாட்ஸப்பில் விற்கும் 'வீட்டுத் தயாரிப்பு' சத்துமாவு, 30 வகைத் தானியம், அரைக்கிலோ 650 ரூபாய். ஒன்பது மாதக் குழந்தைக்கு வாங்கினேன். பிரித்தால் வண்டு. விற்றவர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். (வாசகி, அம்பத்தூர்)

பதில்: பணம் அனுப்பிய ரசீது, வண்டின் படம், பேசிய செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு 1915க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. பாக்கெட்டில் தேதி, தயாரிப்பாளர் முகவரி, 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது என்றே நினைக்கிறேன். அதையும் சொல்லுங்கள்.

ஆனால் முப்பது வகையை ஒரே கரண்டியில் கொடுத்தால், நாளை உடம்பில் தடிப்பு வந்தால் எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். அங்கன்வாடியில் இந்த வயதுக்கு இணை உணவு மாவு இலவசமாகவே தருகிறார்கள்.

கேள்வி: ஏழு மாதக் குழந்தைக்கு வீட்டிலேயே எடை மெஷின் வாங்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: நான் வாங்கினேன், 2,200 ரூபாய்க்கு. தினமும் காலையில் பிள்ளையை அதில் கிடத்துவோம். ஒரு நாள் 7.4, மறுநாள் 7.3. வீடே துக்க வீடாகிவிடும். இந்த வயதில் மாதத்துக்கே 300, 400 கிராம்தான் ஏறும், நாளைக்குப் பத்துப் பதினைந்து கிராம். ஒரு தடவை பால் குடித்தாலோ, மூத்திரம் போனாலோ அதைவிட அதிகம் மாறும். இது புரிவதற்குள் என் மனைவி இரண்டு டானிக் வாங்கிவிட்டாள்.

மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் நிறுத்து அட்டையில் புள்ளி வைப்பார்கள். புள்ளிகளைச் சேர்த்த கோடு மேலே போகிறதா என்று மட்டும் பாருங்கள். எங்கள் மெஷினில் இப்போது வடகத்துக்கு வெங்காயம் நிறுக்கிறோம். அதற்கு மிகத் துல்லியமாக இருக்கிறது.