சிபியு சும்மா இருக்க, பக்கம் ஏன் சுற்றுகிறது?

கேள்வி: உபுண்டு 18.04, லினக்ஸ் 4.15 கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஓடும் சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளை வைத்துப் படங்களும் பிடிஎஃப்களும் தருகிறேன், எல்லாம் எச்டிடிபிஎஸ். திடீரென்று கூட்டம் வந்தால் புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கம் திறக்காமல் சுற்றுகிறது, சிபியு பாதிகூட நிறையவில்லை. கோப்பைக் கெர்னலே நேராக அனுப்பும் செண்ட்ஃபைல் வசதியை ஆன் செய்தால் போதும் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: உபுண்டு தரும் என்ஜின்எக்ஸில் செண்ட்ஃபைல் பெரும்பாலும் ஏற்கெனவே ஆனில்தான் இருக்கும், ஆகவே சிக்கல் அங்கே இல்லை. எனக்குச் சந்தேகம் கெர்னலின் காத்திருப்பு வரிசை மேல்தான். டிசிபி கைகுலுக்கல் (இரு கணினிகளும் இணைப்பைத் தொடங்கும் ஆரம்பப் பரிமாற்றம்) முடிந்த இணைப்புகளை, என்ஜின்எக்ஸ் வந்து எடுக்கும்வரை கெர்னல் ஒரு வரிசையில் நிறுத்திவைக்கிறது. அதில் 511 பேருக்கு இடம் கேட்பது என்ஜின்எக்ஸின் வழக்கம், ஆனால் சோமேக்ஸ்கான் என்ற கெர்னல் அமைப்பு 128 என்று இருந்தால் கெர்னல் சத்தமில்லாமல் 128தான் கொடுக்கும். லினக்ஸ் 5.4 வந்த 2019 வரை இயல்பு மதிப்பு அந்த 128தான், பிறகுதான் 4096 ஆனது. வரிசை நிரம்பியதும் வருகிற பாக்கெட்டைக் கெர்னல் அப்படியே கைவிட்டுவிடும், வருகிறவரின் கணினி ஒரு விநாடி கழித்து மறுபடி முயலும், அப்புறம் இன்னும் அதிகம் காத்திருக்கும், உங்கள் சிபியுவுக்கோ வேலையே வராது. பிழைப் பதிவிலும் ஒன்றும் விழாது, எரிச்சலே அதுதான்.

கூட்டம் இருக்கும்போதே இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையில், லிசன் (புது இணைப்புக்குக் காத்திருக்கும்) நிலையில் உள்ள 443 வரியை, அதாவது எச்டிடிபிஎஸ் போர்ட்டின் வரியைப் பாருங்கள்: செண்ட்-க்யூ என்பது வரிசையின் உச்சவரம்பு, ரெசீவ்-க்யூ இப்போது நிற்கும் இணைப்புகள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் சோமேக்ஸ்கானை 4096 ஆக்கி, என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பின் லிசன் வரியிலும் பேக்லாக் (கேட்கும் வரிசை நீளம்) மதிப்பை அதே அளவுக்கு ஏற்றி, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

செண்ட்ஃபைல் பற்றி ஒரு வார்த்தை. கோப்பை என்ஜின்எக்ஸின் நினைவகத்துக்கு நகலெடுத்து மறுபடி கெர்னலுக்கே தள்ளும் வீண்வேலையை அது மிச்சப்படுத்துகிறது, ஆனால் எச்டிடிபிஎஸ்ஸில் குறியாக்கம் செய்ய எப்படியும் என்ஜின்எக்ஸுக்குள் வந்தாக வேண்டும், ஆதாயம் போச்சு. அதைத் திரும்பப் பெற கெர்னலே குறியாக்கும் கேடிஎல்எஸ் வேண்டும், லினக்ஸில் 4.13லேயே வந்துவிட்டது, ஆனால் என்ஜின்எக்ஸ் 1.21.4 அல்லது அதற்குப் பிந்தையதும், அதற்கான ஆதரவோடு கட்டிய ஓபன்எஸ்எஸ்எல் (குறியாக்க நூலகம்) 3.0 அல்லது அதற்குப் பிந்தையதும் தேவை. உங்கள் 18.04ல் இரண்டும் இல்லை.

வரிசையை நீட்டிய பிறகும் ரெசீவ்-க்யூ ஏறிக்கொண்டே போனால் என்ஜின்எக்ஸ் வொர்க்கர்கள் (இணைப்புகளைக் கவனிக்கும் ப்ராசஸ்கள்) டிஸ்க்கில் மாட்டி நிற்கலாம். அப்போது பெரிய பிடிஎஃப்களுக்கு மட்டும் டிஸ்க் வாசிப்பைத் தனி த்ரெட்டுகளிடம் விடும் ஏஐஓ த்ரெட்ஸ் அமைப்பைப் போட்டுப் பாருங்கள்.