மருத்துவக் குறிப்பு விசாரணை மேசைக்கு வரலாமா?

கேள்வி: என் தம்பி தண்டனைக் கைதி. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். வேலைக்குப் போக மறுத்ததாகச் சிறைக்குள் விசாரணை வைத்து, அவன் மருத்துவக் குறிப்பை வார்டர்கள், சக கைதிகள் முன்னால் வாசித்திருக்கிறார்கள். இப்போது மனு பார்க்கவும் (சிறைக்குப் போய் அவனைச் சந்திக்கவும்) விடவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, குளச்சல்

பதில்: அப்படி வாசித்தது தவறு. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 23 தரும் ரகசிய உரிமை கைதிக்கும் உண்டு. பிறருக்கு ஆபத்து வரும் என்றால் மருத்துவர் தகவல் தரலாம். அதுவும் அந்த ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும். வேலைக்குப் போகாததால் யாருக்கு என்ன ஆபத்து?

வேலை மாற்றம் போன்ற சில தண்டனைகளுக்கு முன் மருத்துவர் கைதியைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறது சிறைகள் சட்டம் 1894, பிரிவு 50. தண்டனையைத் தாங்குவாரா என்று தண்டனைப் பதிவேட்டில் அவர் சான்று எழுதுவார். தாங்கமாட்டார் என்றால் முழுமையாகவா, தண்டனையை மாற்றினால் போதுமா என்று குறிப்பார். நோயின் பெயரோ மாத்திரை விவரமோ அங்கே தேவையில்லை. 'நோய் நடிப்பு' பிரிவு 45இன்படி சிறைக் குற்றம் என்பதால், அந்தக் குற்றச்சாட்டில் மட்டும் மருத்துவர் கருத்து சாட்சியமாகும். அப்போதும் அன்றைய பரிசோதனை முடிவே போதும், பழைய ஃபைல் வேண்டாம் என்று வாதாடுங்கள்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். அவன் வேலைக்குப் போகாததற்கு நோயே காரணமாக இருக்கலாம். தண்டிக்கும் முன் அதைப் பார்க்கவேண்டும் என்கிறது, கைதிகளை நடத்துவது பற்றிய ஐ.நா.வின் மண்டேலா விதி 39. அது நம் நாட்டில் சட்டமல்ல என்றாலும் மனுவில் எடுத்துக்காட்டலாம். நோயைத் தற்காப்பாகச் சொல்வதா என்பதைத் தம்பிதான் முடிவு செய்யவேண்டும். சம்மதித்தால் எதுவரை வெளியிடலாம் என்று எழுதிக் கையெழுத்திடட்டும்.

பலர் சறுக்குவது விண்ணப்பத்தில்தான். நீங்கள் உங்கள் பெயரில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், மூன்றாம் நபரின் சொந்தத் தகவல் என்று நிராகரிப்பார்கள். தம்பியே மனநலப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 25இன்படி தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்கட்டும். தண்டனைப் பதிவேட்டில் அவன் பற்றிய பதிவின் நகலையும் சேர்த்துக் கேட்கட்டும்.

மனு பார்ப்பதை நிறுத்தியதும் தண்டனையே. சலுகை மறுப்புக்கு செஷன்ஸ் நீதிபதியின் பரிசீலனை வேண்டும், அவசரமென்றால் இரண்டு நாளுக்குள் தெரிவிக்கவேண்டும் என்று, கைதிகள் உரிமை பற்றிய சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சிறை எந்த மாவட்டமோ அந்த நீதிபதிக்கே எழுதுங்கள். தம்பி பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தால் திருநெல்வேலிக்குப் போகவேண்டும், உங்கள் மாவட்டத்து நாகர்கோவிலுக்கு அல்ல. காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழு எண் 15100.

கேள்வி: சிறையில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. அவர் சிறை அறையைச் சோதனை போட்டபோது மாத்திரையைப் பார்த்துவிட்டுப் பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். விசாரணையிலும் அதைச் சொல்வார்களோ?
- வாசகி, குழித்துறை

பதில்: அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் சொல்லக்கூடாது. எச்.ஐ.வி. சட்டம் 2017, பிரிவு 8 அதைத் தடுக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ளது. மாத்திரை ஒருவேளைகூட விடுபடக்கூடாது. எடுத்துப்போயிருந்தால், திருப்பித் தரக் கேட்டு அன்றே சிறை மருத்துவருக்கு எழுதச் சொல்லுங்கள். ஆசாரிபள்ளம் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால், எஸ்கார்ட் காவலரை டாக்டர் அறைக்கு வெளியே, பேச்சு கேட்காத தூரத்தில் நிற்கச் சொல்லி டாக்டரிடமே அவர் கேட்கலாம்.