தாம்பரமா, மேடவாக்கமா, பெரும்பாக்கமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வரும் ஜூனில் குடும்பத்தோடு சென்னைக்குக் குடிவருகிறார்கள். கணவருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. வாரத்தில் ஆறு நாளும் காலை 9 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். இவருடைய அலுவலகம் சோழிங்கநல்லூரில்; மூன்று நாள் நேரில் போனால் போதும். மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள், மகனை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும். மாமியாரும் உடன் வருகிறார். வாடகை 20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். "பெரும்பாக்கத்தில் நீச்சல் குளத்தோடு புது அடுக்ககம் இருக்கிறது என்கிறார் தரகர். மேடவாக்கம்தான் இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் என்கிறார் என் அண்ணன். தாம்பரத்தில் பள்ளிகள் அதிகம் என்கிறார்கள் கணவரின் நண்பர்கள். எங்கே வீடு பார்ப்பது?"

முதலில் குரோம்பேட்டை ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, சிட்லபாக்கம் வரையுள்ள தெருக்களில் பாருங்கள். அங்கே அமையாவிட்டால் கிழக்குத் தாம்பரம், சேலையூர். மேடவாக்கத்தை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாக்கம் உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம்.

அண்ணன் சொல்லும் கணக்கு வரைபடத்தில் சரிதான். ஆனால் மேடவாக்கத்திலிருந்து கிண்டிக்கும் சாலை வழிதான், சோழிங்கநல்லூருக்கும் சாலை வழிதான். கிண்டிக்குப் போகிறவர் பள்ளிக்கரணை, வேளச்சேரி நெரிசல் முழுவதையும் தாண்ட வேண்டும்; மழை பிடித்துக்கொண்டால் எப்போது போய்ச் சேருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆறு நாளும் போகவேண்டியவர், நேரம் தவறக் கூடாதவர் உங்கள் கணவர். அவரைத் தண்டவாளத்தில் ஏற்றிவிடுங்கள். கடற்கரை–தாம்பரம் பாதையில் மின்ரயில் 1931 முதல் ஓடுகிறது. குரோம்பேட்டையில் ஏறினால் பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, அடுத்தது கிண்டி. இருபது நிமிடத்துக்குள் முடிகிற பயணம். தாம்பரத்திலிருந்து என்றால் ஐந்தாறு நிமிடம் கூடும். காலையில் கூட்டம் நெருக்கும், உட்கார இடம் கிடைக்காது. ஆனாலும் 9 மணி என்றால் 9 மணிக்கு அங்கே இருப்பார்.

உங்களுக்கு அந்த மூன்று நாளும் கொஞ்சம் சிரமம்தான், மறைக்க விரும்பவில்லை. சிட்லபாக்கத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் போய், வேளச்சேரி–தாம்பரம் சாலையைப் பிடித்து, மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போக வேண்டும். காலை நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகப் பேருந்து இருந்தால் அது நிற்கிற இடத்தை விசாரித்துவிட்டு வீட்டைத் தேடுங்கள். 11 மணிக்கு வரலாம் என்று மேலாளரிடம் பேசி வாங்க முடிந்தால் பாதித் தொல்லை தீரும்.

மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ தடம் மேடவாக்கம் வழியாகத்தானே வருகிறது என்று கேட்பீர்கள். வரட்டும், நல்லது. ஆனால் குழந்தையின் பள்ளி ஆண்டு மெட்ரோவுக்காகக் காத்திருக்காது. பறக்கும் ரயில் 2007இல் வேளச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் இருக்கும் பரங்கிமலையோடு அதை இணைக்கும் வேலை 15 ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. அதை நம்பி அன்றைக்கே ஆதம்பாக்கம் பக்கம் வீடு பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்று கல்லூரியையே முடித்திருப்பார்கள். இன்று ஓடுகிற வண்டியை வைத்து வீட்டை முடிவு செய்யுங்கள்.

இனி பள்ளி. பெற்றோர் தங்கள் பயண நேரத்தை நிமிடக் கணக்கில் பார்க்கிறார்கள். பிள்ளையின் பயணத்தைக் கிலோமீட்டரில் பார்க்கிறார்கள். பள்ளி 4 கிலோமீட்டரில் இருக்கலாம். ஆனால் வேன் 6.50க்கு உங்கள் வாசலுக்கு வந்து, பத்துப் பதினைந்து தெருக்களைச் சுற்றி, 8.20க்குப் பள்ளியில் இறக்கிவிட்டால் அந்தக் குழந்தைக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். மாலையில் அதே சுற்று திரும்பவும். எல்.கே.ஜி. பிள்ளை வேனிலேயே தூங்கி விழும். "எங்கள் தெருவுக்கு எத்தனையாவதாக வருவீர்கள்?" என்று வேன் ஓட்டுநரிடமே கேளுங்கள். பள்ளி அலுவலகத்தில் இதற்குச் சரியான பதில் கிடைக்காது. 2012இல் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். பள்ளி வாகனங்களுக்கான தனி விதிகள் அதன் பிறகுதான் வந்தன. எனவே வாகனத் தகுதிச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம். அது உங்கள் உரிமை. எல்லாவற்றையும் விட, சின்னவனுக்கு நடந்து போகும் தூரத்தில் பள்ளி அமைந்தால் வேன் கவலையே இல்லை. பாட்டியே கொண்டுபோய் விட்டு வருவார்.

நடக்கும் தூரம் என்பதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பகுதியைத் தண்டவாளமும் ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் திருச்சி நெடுஞ்சாலையும் நீளவாக்கில் கிழித்துக்கொண்டு போகின்றன. வீடு கிழக்கே, பள்ளி மேற்கே என்றால் பார்வைக்கு அரை கிலோமீட்டர்தான். நடைமுறையில் படியேறி இறங்கி, அந்த அகலச் சாலையை வாகனங்களுக்கு நடுவே கடந்து போக வேண்டும். ராதா நகர் பக்கம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். வீடும் பள்ளியும் தண்டவாளத்துக்கு ஒரே பக்கம் இருக்கட்டும். ரயிலுக்குப் போகிற உங்கள் கணவர் மட்டும் கடந்தால் போதும்.

நல்ல பள்ளி எது என்று பெயர் சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டேன். ஒரே பள்ளியில் தொடக்க வகுப்புகள் நன்றாகவும் மேல் வகுப்புகள் மோசமாகவும் இருப்பதுண்டு. வாசலில் கட்டியிருக்கும் மதிப்பெண் பேனர் பத்துப் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுகிறது. ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் படித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நடுவே நாற்பது பேர் காணாமல் போயிருந்தால், சராசரிப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை என்று அர்த்தம். வகுப்பாசிரியர் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார் என்றும் கேளுங்கள். முடிந்தால் மாலை பள்ளி விடும் நேரத்தில் வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். பிள்ளைகள் எந்த முகத்தோடு வெளியே வருகிறார்கள், தண்ணீர்ப் பாட்டில் குடிக்கப்படாமல் அப்படியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். பாட்டில் நிறையத் தண்ணீரோடு வருகிற பெண் பிள்ளைகள் அதிகம் இருந்தால் அந்தப் பள்ளியின் கழிப்பறையைப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

சி.பி.எஸ்.இ. என்று பலகை வைத்திருந்தால் இணைப்பு எண்ணை வாங்கி வாரியத்தின் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எந்த வகுப்பு வரை அனுமதி என்பதும் அதிலேயே இருக்கும். "சி.பி.எஸ்.இ. முறை" என்று மட்டும் எழுதியிருப்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. தனியார் பள்ளிகளுக்கான அரசின் கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்குப் பிறப்பித்த ஆணையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதற்கு மேல் கேட்கும் பணத்துக்கு ரசீது தருவார்களா என்று பேச்சுவாக்கில் விசாரியுங்கள்.

மகள் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும், தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள். அவள் இப்போது ஆறாம் வகுப்பில் நுழைகிறாள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் வந்தது. பொறியியல், சட்டம், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கு 2021இல் விரிந்தது. இரண்டுக்கும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஓராண்டு தனியார் பள்ளிக்குப் போனாலும் அது கைவிட்டுப் போகும். ஆகவே இந்த ஜூனில் எடுக்கும் முடிவை ஏழாண்டு முடிவாக நினைத்து எடுங்கள். பக்கத்தில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரை ஒரு முறை சந்தித்துவிட்டு, பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தாலும் சரி.

சின்னவனின் சேர்க்கைக்கு நாளைக் கடத்தாதீர்கள். பெயர் பெற்ற பள்ளிகள் பலவற்றில் எல்.கே.ஜி. சேர்க்கை டிசம்பர், ஜனவரியிலேயே தொடங்கிவிடுகிறது. ஆறாம் வகுப்புக்கு அந்த அவசரமில்லை. மாற்றலாகிப் போகிற குடும்பங்களால் ஏப்ரல், மே மாதங்களில் இடம் காலியாகும்.

தண்ணீரைப் பற்றி எழுதாமல் சென்னையில் வீடு பார்ப்பதைப் பற்றி எழுத முடியாது. பெரும்பாக்கத்தை வேண்டாம் என்றதற்கு இதுவே முதல் காரணம். தெற்குப் புறநகர் ஏரிகள் பலவற்றின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைத் தேடித்தான் போகிறது. அதன் விளிம்பில்தான் பெரும்பாக்கம் இருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கம் தண்ணீர் நின்றது. மேற்குத் தாம்பரத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரத்துக்கும் இதே கதி. சிட்லபாக்கத்திலும் எல்லாத் தெருவும் ஒன்றல்ல. ஏரியை ஒட்டிய தாழ்வான தெருக்கள் இருக்கின்றன. வீட்டு உரிமையாளரிடம் கேட்காதீர்கள், தெருமுனையில் துணி தேய்ப்பவரிடம், "2015இல் தண்ணீர் எதுவரை வந்தது, 2023இல் எத்தனை நாள் நின்றது?" என்று கேளுங்கள். பிறகு வாசற்படியைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, பல தெருக்களில் சாலை வீட்டுக்கு மேலே போய்விட்டது. தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கிப் போகும்படி இருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். மின் மீட்டர் பெட்டி தலைக்கு மேலே ஏற்றி மாட்டப்பட்டிருந்தால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும்.

கோடைக்கு இன்னொரு கேள்வி: குழாய் நீரா, லாரியா? குரோம்பேட்டையின் மேற்கே நாகல்கேணி பக்கம் தோல் தொழிற்சாலைகளால் நிலத்தடி நீர் கெட்டுப்போனது பழைய செய்தி. கிழக்கே பார்க்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாமியாருக்கு மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி வேண்டாம். குரோம்பேட்டை–தாம்பரம் பக்கத்திலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலையில் நடக்கலாம். மதுரையை விட்டு வருகிறவருக்கு நாலு பேர் பழக்கமாக அது நல்ல இடம்.

முதல் ஆண்டு வாடகைக்கே இருங்கள். வாங்குவது பற்றி ஒரு மழைக்காலம் போன பிறகு பேசலாம். ஒப்பந்தம் வழக்கமான 11 மாதமாக இருந்தால் ஜூன் முதல் தேதியில் தொடங்கும்படி போடுங்கள். ஏப்ரல் இறுதியில் அது முடியும்போது ஆண்டுத் தேர்வும் முடிந்திருக்கும்; உரிமையாளர் காலி செய்யச் சொன்னாலும் பிள்ளைகளின் படிப்பு நடுவில் முறியாது. காலி செய்ய இரண்டு மாத அவகாசம் என்ற வரியையும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சேர்க்கச் சொல்லுங்கள்.