அந்தப் படத்தை மாமியாரிடம் காட்டுங்கள்

கேள்வி: 2017 ஒக்கிப் புயலில், தங்கலுக்கு (நாள்கணக்காக ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்க) போயிருந்த என் கணவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை, பூசை மட்டும் வைத்தோம். மாமனார் முன்பே காலமானார். நானும் மகனும் மாமியாரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். மகனுக்குப் பள்ளிக்காக வாங்கிய அக்ரிலிக் பெயின்ட்டை எடுத்து ஒருநாள் கடலை வரைந்தேன். அதற்குப் பிறகு கடலைத் தவிர வேறெதையும் வரையத் தோன்றவில்லை. ஆளைக் கொண்டுபோன கடலையே வரைகிறாளே என்று தெருவில் பேசுகிறார்கள். மாமியாரும் ஒருநாள் பின்னால் வந்து நின்று, “தண்ணி இந்த நெறம் இல்ல மக்களே” என்றார். நான் பேசாமல் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். பெயின்ட் காய்ந்ததும் நிறம் கறுத்துப்போவது வேறு வருத்தமாக இருக்கிறது. நான் செய்வது சரியா?
– வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: தெருவில் பேசுகிறவர்களுக்கு நாளைக்கு வேறு பேச்சு கிடைத்துவிடும், விடுங்கள். நான் கேட்க வேண்டியது ஒன்றுதான். மாமியார் அப்படிச் சொன்னதும் படத்தை ஏன் திருப்பி வைத்தீர்கள்? அதை இரண்டு வரியில் எழுதிவிட்டு, பெயின்ட் கறுக்கிற விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். என்னால் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

தெருக்காரர்களோடு அவரையும் சேர்த்துவிட்டீர்கள். அவர்கள் வரையாதே என்றார்கள். அவரோ நிறத்தைப் பற்றி மட்டும்தான் பேசினார். நிறத்தைச் சொல்ல வேண்டுமென்றால் படத்தை எவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும்!

நீங்கள் வரைவது கரையில் நின்று பார்க்கிற கடலாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அலை மணலைக் கலக்கி, பச்சையும் பழுப்புமாகப் புரள்கிற தண்ணீர். தங்கலுக்குப் போகிறவர்கள் கரை கண்ணுக்கே தெரியாத தூரத்தில் நாள்கணக்காகக் கிடப்பவர்கள். அங்கே தண்ணீர் கருநீலம். அதை நீங்கள் பார்த்ததில்லை, மாமியாரும் பார்த்திருக்க மாட்டார். ஆனால் முதலில் புருஷனும் பிறகு பிள்ளையும் கடலிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்து சொன்னதையெல்லாம் எத்தனை வருஷம் கேட்டிருப்பார்! உங்கள் கணவர் கடைசியாகப் பார்த்த தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல அந்த வீட்டில் இருப்பது அவர் ஒருவர்தான். அவரிடமிருந்து போய் மறைத்தீர்களே.

இங்கிலாந்து ஓவியர் டர்னரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், வாழ்நாளெல்லாம் கடலை வரைந்தவர். அவருடைய நண்பரும் ஓவியருமான டேவிட் வில்கி, 1841-இல் கப்பலில் ஊர் திரும்பும் வழியில் இறந்துபோனார். ஜிப்ரால்டர் அருகே உடலைக் கடலில் இறக்கினார்கள். டர்னர் அந்தக் கப்பலில் இல்லை. வில்கியின் இன்னொரு நண்பர் ஜார்ஜ் ஜோன்ஸும் அதே காட்சியை வரைய இருந்தார். இருவரும் பேசிக்கொண்டார்கள். கப்பல் தளத்தில் நடந்ததை ஜோன்ஸ் வரைவது, கரைப் பக்கமிருந்து பார்த்தால் எப்படித் தெரிந்திருக்குமோ அதை டர்னர் வரைவது என்று முடிவானது. டர்னரின் படம் 1842-இல் காட்சிக்கு வந்தபோது, கப்பலின் பாய்களை இவ்வளவு கறுப்பாகத் தீட்டலாமா என்று சக ஓவியர் ஒருவர் குறைப்பட்டார். இதைவிடக் கறுப்பாக்க ஒரு நிறம் இருந்தால் அதையும் பூசியிருப்பேன் என்றாராம் டர்னர். நண்பனை இழந்த இருவரே அந்தச் சாவைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். நீங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு அதைச் செய்யாமல் இருக்கிறீர்கள்.

உங்களுக்குப் போனது புருஷன், அவருக்குப் போனது பெற்ற பிள்ளை. ஒரே ஆளுக்காக அழுகிற இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் தனித்தனியாக அழுவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் கையில் தூரிகையாவது இருக்கிறது. அவருக்கு என்ன இருக்கிறது? பிள்ளையின் முகத்தைத் தொட்டு அழக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுதிரியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது அவர் பிள்ளைக்கு எங்கே போய்க் கொளுத்துவார்? வேளாவேளைக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்துவிட்டால் மாமியாருக்குச் செய்ய வேண்டியது முடிந்தது என்று நினைக்கிற வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். அது பாதிக் கடமைகூட இல்லை. போனவனைப் பற்றி அவன் அம்மா பேச வரும்போது கூட உட்கார்ந்து கேட்பதுதான் பெரிய கடமை. உங்கள் மகனும் கேட்கட்டும். நீங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டால் அந்தப் பிள்ளைக்கு அப்பா என்பது சுவரில் மாட்டிய போட்டோ மட்டும்தான்.

சரி, பெயின்ட். அக்ரிலிக்கில் நிறத்தோடு கலந்திருக்கிற பசை ஈரத்தில் பால்போல வெளுத்திருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். அதனால்தான் நிறம் கறுத்ததுபோல் தெரிகிறது. வேண்டிய நிறத்தைவிட ஒரு படி வெளிறலாகக் கலந்து, ஒரு அட்டையில் தீட்டிக் காயவிட்டுப் பார்த்த பிறகு படத்தில் பூசுங்கள். பாதி காய்ந்த இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்க்காதீர்கள், திட்டுத்திட்டாகிவிடும். சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்றால் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் ஓவியக் கடைகளில் கிடைக்கும், ஒன்றிரண்டு சொட்டு போதும்.

கருநீலத்துக்கு அல்ட்ராமரைன் நீலத்தில் துளி பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பைக் கலந்து பாருங்கள். மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த அட்டையைக் காட்டிக் கேளுங்கள். இன்னும் கறுப்பு வேண்டும் என்று அவர் சொன்னால் இன்னும் கலக்குங்கள்.