எழுத்து வடிவில்லை என்றால் என்ன?

கேள்வி: அக்கா, என் மகனுக்கு 19 வயது. தொழில்நுட்பப் பிரிவில் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். கம்பஸ் கிடைக்காது என்று அவனே சொல்கிறான். ஒரு தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பித்தோம். அவனுடைய எழுத்து வடிவில்லை என்பதால் படிவத்தை நானே நிரப்பினேன். நேர்முகத்தில் வாயே திறக்கவில்லையாம், எடுபடவில்லை. சரியான கூச்சம். பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை வேலைக்குத் தயார்படுத்துவதே இல்லை. பத்தாம் ஆண்டு படிக்கும் மகளை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. எந்தப் பயிற்சிக்கு அனுப்பினால் மகனுக்கு உடனே வேலை கிடைக்கும்?
– ஒரு தாய், விசுவமடு

பதில்: தங்கச்சி, வன்னியில் பயிற்சிக்கு இடமில்லாமல் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது, வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமையில் நான்காம் மட்டம் எடுத்தவன் ஐந்து, ஆறு என்று டிப்ளோமா வரை ஏறலாம். மோட்டார் திருத்தலா வெல்டிங்கா என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லக்கூடாது.

எனக்குக் குத்தினது உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரி. எழுத்து வடிவில்லை, நானே நிரப்பினேன் என்கிறீர்கள். வோட்டுப் போடுகிற வயதுப் பெடியன்! ஏன் இந்தப் பயிற்சி வேண்டும் என்ற இடத்தில் என்ன எழுதினீர்கள்? அதை அவன் வாசித்தாவது பார்த்தானா? நேர்முகத்தில் அதைத்தான் கேட்டிருப்பார்கள். தான் எழுதாத பதிலை அவன் எங்கே போய்த் தேடுவான்? கூச்சம் என்று பழியை அவன் தலையில் போடாதீர்கள்.

பள்ளிக்கூடத்தைக் குறை சொல்கிறீர்கள். கொஞ்சம் உண்மைதான். தொழில்நுட்பப் பிரிவு ஏ.எல்.லுக்கு 2013இல் வந்தது. ஆனாலும் பாஸ்ற் பேப்பர் செய்விப்பதை ஒருநாள் நிறுத்திவிட்டு, பிள்ளைகளை ஒரு கராஜுக்குக் கூட்டிப்போகிற ஆசிரியர்கள் குறைவு. அதற்காக, வங்கி வரிசையில் நிற்கவும், முன்பின் அறியாத ஆளிடம் நிமிர்ந்து கதைக்கவும் பழக்குவது யாருடைய வேலை? அது வீட்டு வேலை, தங்கச்சி.

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 2009இல், கடைசி யுத்த நேரம், அவன் நடக்கப் பழகின வயதில் இருந்திருப்பான், தூக்கிக்கொண்டு ஓடியிருப்பீர்கள். இன்னும் இறக்கிவிடவில்லை. நாளைக்கு உங்களுக்கு முட்டு, பிரஷர் என்று வந்தால் ஆஸ்பத்திரியில் டொக்டரோடு கதைக்க வேண்டியவன் அவன். தன் தங்கச்சியின் கல்யாணத்தில் முன்னால் நின்று செய்ய வேண்டியவனும் அவன்தான். பெற்றவர்களைப் பார்ப்பது பிள்ளையின் கடமை என்று நம்புகிறவள் நான். ஒரு படிவத்தைக்கூட எழுத விடாமல் வளர்த்துவிட்டு அந்தக் கடமையை அவனிடம் எப்படிக் கேட்பீர்கள்?

புதுப் படிவம் எடுக்க அவனே போகட்டும். பஸ்ஸுக்குக் காசு கொடுங்கள், கூடப் போகாதீர்கள். போய்ச் சேர்ந்தானா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கோல் எடுக்கவும் வேண்டாம். அவன் மேசையில் இருந்து எழுதும்போது நீங்கள் குசினிக்குள் நில்லுங்கள். எழுத்து கோணலாக இருக்கட்டும், வெட்டி எழுதட்டும். பேரைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ளபடியே எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். ஓரெழுத்து மாறினாலும் பிறகு அலைச்சல்தான். எழுதி முடித்ததும், ஏன் இந்தத் தொழில் என்று தகப்பனுக்கு ஒருதரம் வாய்விட்டுச் சொல்லட்டும். தகப்பன் கேட்டுக்கொண்டிருந்தால் போதும், இடையில் புத்தி சொல்ல வேண்டாம்.

மகள் பத்தாம் ஆண்டு என்றீர்கள். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுத அடையாள அட்டை வேண்டும், அதற்கான படிவம் பள்ளிக்கூடத்தால் வரும். வந்ததும் பேனையை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.