தள்ளுபடிக்கு இன்னொரு பெயர் ஸ்காலர்ஷிப்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எம்.பி.ஏ. கட்டணத்தைப் பற்றியவை. வாஷிங் மெஷின் புகாரோடு எழுதியவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: எம்.பி.ஏ. இடம் கிடைத்துவிட்டது. கூடவே '40 சதவீத மெரிட் ஸ்காலர்ஷிப்'. மூன்று நாளுக்குள் முன்பணம் கட்டாவிட்டால் அது போய்விடுமாம். கட்டிவிடலாமா சார்?

பதில்: அவசரப்படாதீர்கள். இது என் நெடுநாள் எரிச்சல், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

யாருமே கட்டாத ஒரு விலையை முதலில் அச்சடிப்பது, பிறகு அதில் 40 சதவீதத்தை அடித்துவிட்டு மிச்சத்தை வாங்கிக்கொள்வது: இதற்குத் தள்ளுபடி என்று பெயர். துணிக்கடை செய்தால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறோம். கல்லூரி செய்தால் மட்டும் சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போட்டு, பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் என்கிறோம். உண்மையான உதவித்தொகைக்கு யார் தருகிறார்கள், எதைப் பார்த்துத் தருகிறார்கள் என்ற கணக்கு இருக்கும். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலும் மதிப்பெண்ணை வைத்து அல்ல, உங்கள் வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத்தான் உதவித்தொகை. வகுப்பில் எல்லோருக்கும் 'மெரிட்' என்றால் அது மெரிட் இல்லை, விலைப்பட்டியல்.

உங்கள் கல்லூரிக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இந்த 40 சதவீதம் பாடக் கட்டணத்தில் மட்டுமா, மொத்தச் செலவிலா? இரண்டாம் ஆண்டுக்கும் உண்டா? இரண்டாம் ஆண்டு கட்டணம் ஏறினால் சலுகையும் சேர்ந்து ஏறுமா, இல்லை முதல் ஆண்டுத் தொகையிலேயே நிற்குமா? எத்தனை மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் பறிபோகும்? நான் சேராவிட்டால் முன்பணம் திரும்பி வருமா? பதில் எழுத்தில் வர வேண்டும். போனில் வரும் பதில் செல்லாது. வேறு கல்லூரியிலிருந்தும் கடிதம் வந்திருந்தால் அதை இணைத்து, தொகையை மறுபரிசீலனை செய்ய முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். பல கல்லூரிகளில் இதற்கு வழி உண்டு. முடியாது என்றால் முடியாது என்பார்கள், கேட்டதற்காக இடத்தைப் பறிப்பதில்லை.

மூன்று நாள் கெடுவைப் பற்றி ஒன்று. யோசிக்க நேரம் கொடுத்தால் நீங்கள் வாங்க மாட்டீர்கள் என்று விற்பவருக்குத் தோன்றும்போதுதான் கெடு வருகிறது. நான் ஒரு டிரெட்மில் வாங்கியது அப்படித்தான். அதில் இப்போது ஈரத்துண்டு காய்கிறது.

கேள்வி: அமெரிக்க அரசின் கல்வி உதவிக்கு ஃபாஃப்சா படிவம் நிரப்பித் தர ஒருவர் பணம் வாங்கிக்கொண்டார். 'உதவித்தொகை நிச்சயம்' என்றார். இப்போது போனை எடுப்பதில்லை. நான் போவது மாணவர் விசாவில்.

பதில்: வயிறு எரிகிறது அம்மா. ஃபாஃப்சா என்ற சுருக்கத்தில் முதல் எழுத்தே 'இலவசம்' என்பதைத்தான் குறிக்கிறது. அதைவிடக் கொடுமை, அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களைப் போன்ற தகுதியுள்ள சிலருக்கும்தான். மாணவர் விசாக்காரருக்கு அதனால் அரசுப் பணம் வராது. அந்த மனிதருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. கார்டில் கட்டியிருந்தால் இன்றைக்கே வங்கியில் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள், நாள் கடந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். அவர் அனுப்பிய மெசேஜ்கள் எதையும் அழிக்காதீர்கள். அந்த 'நிச்சயம்' என்ற சொல்தான் உங்கள் சாட்சி. நீங்கள் கேட்க வேண்டிய இடம், சேரும் கல்லூரியின் நிதியுதவி அலுவலகம். வெளிநாட்டு மாணவருக்கென்று தனியாக என்ன உண்டு என்று கேளுங்கள்.

கேள்வி: கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. படிக்கும் காலத்தில் தவணை இல்லை என்றார்கள். இப்போது பார்த்தால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறதே?

பதில்: ஓடாமல்? தவணை இல்லை என்றார்களே தவிர, வட்டி இல்லை என்று யாரும் சொல்லவில்லையே! கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சரி, கணக்கைப் பார்ப்போம். நூறு வாங்கினீர்கள், வட்டி 10 சதவீதம், பணம் முதல் நாளே முழுதாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடப் படிப்பு, அதற்கு மேல் ஆறு மாத அவகாசம். வட்டி 25. தவணை தொடங்கும் நாளில் அதை அசலோடு சேர்த்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வட்டி நூறுக்கு அல்ல, 125க்கு. வருடத்துக்குப் பத்து என்பது பன்னிரண்டரை ஆகிவிடும். படிக்கும்போதே அந்த வட்டியை மட்டுமாவது கட்டிவருவது நல்லது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்றும் பாருங்கள். பத்திரம் கையில்தானே இருக்கிறது, இப்போதாவது படியுங்கள்.

கேள்வி: எனக்கு கிரீன் கார்டு உண்டு. 2026 இலையுதிர் பருவத்தில் சேர்கிறேன். முழுச் செலவுக்கும் அமெரிக்க அரசின் கிராட் பிளஸ் கடன் கிடைக்கும் என்று அண்ணன் சொல்கிறார்.

பதில்: அண்ணன் படித்த காலத்தில் கிடைத்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் இல்லை. பட்டமேற்படிப்புக்கு அமெரிக்க மத்திய அரசின் நேரடிக் கடன் வருடத்துக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம் டாலர் வரைதான். இதைவிட உயர்ந்த வரம்பு தொழிற்பட்டங்களுக்கு உண்டு. அந்தப் பட்டியலில் மருத்துவம், சட்டம், இறையியல்கூட இருக்கின்றன. எம்.பி.ஏ. இல்லை. மிச்சத்துக்குத் தனியார் கடன் என்றால் வட்டி நிலையானதா, மாறக்கூடியதா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவின் ஓய்வூதியப் பணத்தை எடுத்துக் கட்டலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: ஆன்லைன் எம்.பி.ஏ., 'வட்டியில்லாத் தவணை' என்று சேர்ந்தேன். வகுப்பு சரியில்லை, விலகிவிட்டேன். தவணை மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

பதில்: உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. இதே வலையில் நானும் விழுந்தேன். ஆறு மாத மேலாண்மைச் சான்றிதழ் வகுப்பு. இரண்டாவது மாதமே ஆசிரியர் காணாமல் போய், பழைய வீடியோக்கள் வந்தன. நான் நிறுத்திவிட்டேன். ஆனால் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி காலை, பல் தேய்க்கும்போதே, பணம் எடுத்ததாக எஸ்.எம்.எஸ். வந்துவிடும். விசாரித்தபோதுதான் தெரிந்தது: தவணை கொடுத்தது அந்த நிறுவனம் இல்லை. வேறொரு கடன் கம்பெனி என் பெயரில் கடன் எழுதி, மொத்தப் பணத்தையும் முதல் வாரமே அவர்களிடம் கொடுத்துவிட்டது.

அதனால் கடிதம் இரண்டு போக வேண்டும். படிப்பை ரத்து செய்து பணத்தைக் கடன் கொடுத்தவருக்கே திருப்பச் சொல்லி நிறுவனத்துக்கு ஒன்று, அதன் நகலோடு கடன் கம்பெனிக்கு ஒன்று. கோபத்தில் தவணையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், கிரெடிட் ஸ்கோர் அடிவாங்கும். விளம்பரத்தில் சொன்ன வகுப்பு நடக்கவில்லை என்பதற்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு நுகர்வோர் புகாருக்குப் போங்கள்.

கேள்வி: செவனிங் உதவித்தொகையில் எம்.பி.ஏ. முழுக்க இலவசமா?

பதில்: பிரிட்டனில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு அது அருமையான உதவி. 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் குறைந்தது இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும். எம்.பி.ஏ. என்றால் பாடக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், அதற்கு மேலே போவது உங்கள் பாடு.

கேள்வி: கம்பெனி கட்டணத்தைக் கட்டுகிறது. முடித்தபின் மூன்று வருடம் வேலை செய்யப் பத்திரம் கேட்கிறார்கள்.

பதில்: இரண்டு வருடத்தில் விலகினால் முழுப்பணமா, மிச்ச ஒரு வருடத்துக்கானது மட்டுமா? அவர்களே உங்களை வேலையிலிருந்து எடுத்தால் யார் கட்டுவது? இரண்டுக்கும் பத்திரத்தில் பதில் இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: கட்டணத்தோடு லேப்டாப் இலவசம் என்கிறார்கள். அந்தக் கல்லூரியில் சேரலாமா?

பதில்: லேப்டாப் வேண்டுமென்றால் லேப்டாப் கடைக்குப் போங்கள்.